மெலாவத்திக் குன்றின் கலங்கரை விளக்கம்

பண்டமாரானிலிருந்து கிள்ளான், காப்பார் வழியாக வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் செல்வோர், சிலாங்கூர் ஆறு கடலோடு சங்கமிக்கும் கோலசிலாங்கூரில், மெலாவத்திக் குன்றின் மீது வெண்ணிறமாக எழுந்து நிற்கும் கலங்கரை விளக்கத்தைக் காண்பர்.

கப்பல்களுக்கு வழிகாட்டும் இக்குன்று, ஆதியில் கப்பல்களைத் தடுப்பதற்காகவே அரண் செய்யப்பெற்றது. சிலாங்கூர் சுல்தான்களின் பீரங்கிகள் இங்கிருந்துதான் ஆற்றின் முகத்துவாரத்தைக் காவல் புரிந்தன. 1784-இல் டச்சுக்காரர் இக்கோட்டையைக் கைப்பற்றி, பத்தாவியாவில் ஆட்சி புரிந்த தம் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று அதற்கு நாமகரணம் செய்தனர்; ஆனால் மறு ஆண்டிலேயே சுல்தான் இப்ராஹிம் பகாங் வீரர்களின் சகாயத்தோடு அதனை மீட்டுக்கொண்டார். தோற்றவர் சூட்டிய அப்பெயரே, 1907-இல் ஆங்கிலேயர் எழுப்பிய 27 மீட்டர் உயரமுள்ள இவ்விளக்கத்துக்கு நிலைத்தது.

இவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இக்கரை நெடுகிலும் சேறும் கண்டல் காடுமாகத் தாழ்ந்து கிடப்பதால், மாலுமிக்கு அடையாளமாகத் தென்படும் மேடுகள் அரியவை. மலாக்கா நீரிணையிலோ மணல்திட்டுகள் மறைந்திருந்து மரக்கலங்களுக்கு அபாயம் விளைப்பன. அதனாலன்றோ, தெற்கே நடுக்கடலில் பெர்மாத்தாங் செடெப்பா என்னும் திட்டின் மீதே 1874-இல் ஒரு விளக்கம் அமைக்க நேர்ந்தது!

நாகப்பட்டினத்தில் ரஜூலா முதலிய கப்பல்களில் ஏறிப் பினாங்கைக் கடந்து, கிள்ளான் துறைமுகமாக இன்று விளங்கும் போர்ட் சுவெட்டன்ஹாமில் வந்திறங்கிய நம் முன்னோர், ரப்பர்த் தோட்டங்களையும் இருப்புப்பாதைகளையும் நம்பி இக்கரையோரமாகவே பிரயாணம் செய்தனர். ஆகையால் இக்குன்றின் சரித்திரம் நமக்கு அந்நியமானதன்று.

இன்று விளக்கத்தின் உள்ளே ஏறப் பொதுமக்களுக்குச் சாதாரணமாக அனுமதியில்லை எனினும், அதன் அடிவாரத்தில் நின்று காண வேண்டியவை பல. பழைய பீரங்கிகளும், சுல்தான்களின் சமாதிகளும், மரக்கிளைகளில் செம்பொன்னிறக் குட்டிகளை அணைத்தபடி அமர்ந்திருக்கும் வெள்ளி நிற மந்திகளும் காண்போர் சிந்தையைக் கவர்வன. மேற்கே நோக்கினால், 1987-இல் திறக்கப்பெற்ற இயற்கைப் பூங்காவின் ஏரியும், நீர்ப்பறவைகள் உலாவும் கண்டல் வனமும், அவற்றுக்கு அப்பால் நீரிணையும் விரிந்து தோன்றும்.

பீரங்கி பகைவரைத் தேர்ந்து சுடும். விளக்கோ வருவோர் எந்நாட்டினர் என்று வினவுவதில்லை. இவ்விரண்டும் அருகருகே நிற்கும் இக்குன்றுக்கு நம் சிறுவர்களை அழைத்துச் சென்று, கடலைக் காட்டி, அவர்தம் பாட்டன் பூட்டன் வந்த வழி இதுவென்று எடுத்துரைப்பது நம் கடமையாகும்.