வளைவில் சாயும் மிதிவண்டி

ஆழியாறிலிருந்து வால்பாறை செல்லும் மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றில் இறங்கும் மிதிவண்டி ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் உட்புறமாகச் சாய்கிறார்.

நேராகச் செல்ல முயலும் வண்டியை வளைவின் மையத்தை நோக்கித் திருப்ப மையநோக்கு விசை தேவை. சமதளச் சாலையில் அதைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. மையவிலக்கு விசை வெளியே தள்ளுகிறது என்று பலரும் சொல்வர். சாலையோரம் நின்று பார்ப்பவருக்கு அப்படியொரு விசை கிடையாது.

உராய்வு தரைமட்டத்தில் செயல்படுவதால் வண்டியை வெளிப்புறமாகக் கவிழ்க்கப் பார்க்கும். உட்புறம் சாயும்போது சாலையின் செங்குத்து எதிர்விசை, ஈர்ப்பு மையத்தைப் பொறுத்து அதற்கு எதிரான திருப்புத்திறனைத் தந்து சமன் செய்கிறது. வேகத்தின் இருமடியை, ஆரம் மற்றும் புவியீர்ப்பு முடுக்கத்தின் பெருக்கற்பலனால் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு கிடைக்கும். இதில் எடை வரவில்லை. சிறுவனுக்கும் பெரியவருக்கும் ஒரே கோணம்தான்.

10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 18 கி.மீ. வேகத்துக்குச் சாய்வு சுமார் 14 பாகை. 36 கி.மீ. எனில் சுமார் 46 பாகை. வேகம் இரு மடங்கானால் தேவைப்படும் உராய்வு நான்கு மடங்காகி, ஆளும் வண்டியும் சேர்ந்த எடையையே எட்டிவிடுகிறது. உலர்ந்த தார்ச்சாலையே அதைத் தருவது அரிது. மழையில் நனைந்த சாலை தராது. வளைவுக்குள் பிரேக் பிடித்தால் இருக்கும் உராய்விலும் ஒரு பங்கு வண்டியை நிறுத்தப் போய்விடும்; டயர் வழுக்குவது பெரும்பாலும் அப்போதுதான்.