உயிரணுவின் மிதுனமும் ஏழைக் குழந்தையின் மருந்தும்

சில தினங்களுக்கு முன் மோகனூரில் ஒரு நிச்சயதார்த்தத்திற்குச் சென்றிருந்தோம். மணமகள் மாமன் மகள். மணமகன் அத்தை மகன். காவிரிப் பாசனத்து நிலம் கைமாறாமலிருக்க இதனினும் நல்ல சம்பந்தம் உண்டோ என்று பெரியவர்கள் மகிழ்ந்தனர். ஜாதகம் பார்த்தாயிற்றா என்று ஒருவர் வினவ, பத்துப் பொருத்தமும் உண்டென்று விடை வந்தது. இரத்தம் பார்த்தாயிற்றா என்று நாம் வினவினோம். சபையில் சிரிப்பு எழுந்தது. அச்சிரிப்பே இவ்வியாசத்திற்குக் காரணம்.

இதே நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு குழந்தைக்காக 2021ம் வருஷத்தில் ஊரெங்கும் பணம் திரட்டப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வியாதியின் பெயர் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு. ஒரே ஒரு ஊசி மருந்தின் விலை 16 கோடி ரூபாய். பொதுஜனங்கள் கொடுத்தனர், இந்திய சர்க்காரும் இறக்குமதி வரியைத் தள்ளிக் கொடுத்தனர். தர்ம சிந்தையை மெச்சுகிறோம். ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் உண்டி குலுக்குவது ஒரு தேசத்தின் வைத்திய ஏற்பாடாகுமா?

இவ்வியாதியின் வேரைக் காண உயிரணுவின் உட்கருவினுள் நுழைய வேண்டும். வீட்டிற்குள் அறைகளைச் சுவர் பிரிப்பதுபோல், உயிரணுவின் பல பாகங்களை மெல்லிய சவ்வுகள் பிரிக்கின்றன. உட்கருவினுள்ளோ சவ்வே இல்லாத பல துளிகள் இருக்கின்றன. இரசத்தின் மேல் எண்ணெய் திரண்டு நிற்பதுபோல் அவை திரளுகின்றன, கலைகின்றன, மீண்டும் கூடுகின்றன. அவற்றுள் ஒன்றை ஸ்பெயின் தேசத்து ராமோன் இ காஹால் 1903லேயே கண்டார். 1996ல் அமெரிக்காவில் லியூ, டிரைஃபஸ் என்னும் இருவர், காஹால் துளிக்கு இணையாக நிற்கும் வேறொரு துளியைக் கண்டு, இரட்டையர் என்பதால் மிதுன ராசியின் பெயரை வைத்து அதை 'ஜெம்' என்றனர். (நம் ஜோதிடர்கள் பார்க்கும் மிதுனம் வேறு.)

ஜெம் துளியில் எஸ்.எம்.என். என்ற புரதம் குவிந்திருக்கிறது. பரம்பரைச் செய்தியின் நகலில் வேண்டாதவற்றை வெட்டி வேண்டியவற்றை ஒட்டும் கத்தரிகள் உயிரணுவில் உண்டு. அக்கத்தரிகளைப் பூட்டிக் கொடுப்பது இப்புரதமே. இதை அளிக்கும் ஜீன் பழுதுற்றால் தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மடிகின்றன. குழந்தை தலை நிமிர்த்தாது, உட்காராது. கடுமையான வகையில் மூச்சும் தளரும். நோயாளிகளின் உயிரணுக்களில் ஜெம் துளிகள் அருகிப் போயிருப்பதை உருப்பெருக்கியில் எண்ணியே காணலாம். அவ்வாறு அருகுவது நோய்க்குக் காரணமா, அடையாளம் மட்டுமா என்ற விவாதம் வித்வான்களிடையே இன்னும் ஓயவில்லை.

பழுதான ஜீனை ஒற்றையாய்ச் சுமப்பவர் உலகில் 40 முதல் 60 பேருக்கு ஒருவர். அவருக்கு யாதொரு நோயும் இராது. தாய் தந்தை இருவரும் சுமந்தாலே பிள்ளைக்கு நாலில் ஒரு பங்கு அபாயம். அந்நியரிடையேயும் இது நேரும் என்பது மெய்யே. ஆயினும் சுமப்பவருடைய அத்தை மகளோ மாமன் மகளோ அதையே சுமக்க எட்டில் ஒரு பங்கும், அக்காள் மகள் சுமக்க நாலில் ஒரு பங்கும் வாய்ப்புண்டு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 விவாகங்கள் இரத்த உறவினருக்குள் நடந்தவையாகக் காணப்பட்டன. முறைப்பெண் வழக்கத்தை நாம் பழிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்வதையே ஆட்சேபிக்கிறோம்.

இனி மருந்தின் கதை. மனிதனிடம் இதே ஜீனின் மறு பிரதியொன்று உண்டு. அதன் செய்தியைக் கத்தரி தவறாக வெட்டி முக்கியமான துண்டொன்றை நீக்கிவிடுவதால் அது பெரும்பாலும் பயன்படுவதில்லை. 'ரிஸ்டிப்லாம்' என்னும் வாய்வழி மருந்து அத்துண்டைக் காப்பாற்றுகிறது. ரோஷ் கம்பெனியின் விலை புட்டிக்கு 6 லட்சம் ரூபாய்க்கு மேல். ஹைதராபாத் நாட்கோ கம்பெனி அதே மருந்தைச் செய்ய முன்வந்தபோது ரோஷ் தடை கோரிற்று. முன்னைய கண்டுபிடிப்பிலிருந்து எளிதிற் பெறத்தக்க பொருளே இது என்ற நாட்கோவின் ஆட்சேபம் வலுவுள்ளதென்று கண்டு, 2025 மார்ச்சில் டில்லி ஹைகோர்ட்டு தடையை மறுத்தது. அக்டோபரில் இரு நீதிபதிகள் அதை உறுதி செய்தனர். அக்டோபர் 17ல் சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்தது. வக்கீல் என்ற முறையில் ஒன்று சொல்வோம்: மறுக்கப்பட்டது இடைக்காலத் தடையே; அது மூல வழக்கின் தீர்ப்பன்று. ஆயினும் நீதிபதி ராஜகோபாலய்யங்கார் 1959ல் அளித்த அறிக்கையின்மீது எழுந்த 1970ம் வருஷத்துப் பேடண்டு சட்டம், 2005ல் திருத்தப்பட்ட பின்னும் உயிரோடிருக்கிறதென்பது விளங்கிற்று. நாட்கோ அறிவித்த விலை 15,900 ரூபாய்.

கணக்கைப் பாருங்கள். இரண்டு வயதைக் கடந்து 20 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவருக்குத் தினம் 5 மில்லிகிராம். 60 மில்லிகிராம் புட்டி 12 நாளில் தீரும். அரிய நோய்களுக்கு மத்திய சர்க்கார் 2022ல் வகுத்த உச்ச உதவி 50 லட்சம். பழைய விலையில் அது மூன்று மாதம் வரும். புதிய விலையில் பத்து வருஷம். ஆயுள் முழுதும் அருந்த வேண்டிய மருந்தென்பதால் பத்து வருஷமும் போதாது. மாநில சர்க்கார் மொத்தமாக வாங்கி இலவசமாக வழங்க வேண்டும். இரத்தப் பரிசோதனையைச் சேலம், நாமக்கல் சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளில், விவாகத்திற்கு முன் கேட்கும் எவருக்கும் செலவின்றிச் செய்துதர வேண்டும். மோகனூரில் சிரித்தவர்களுள் ஒருவரான மணமகளின் தகப்பனார், பந்தி முடிந்ததும் நம்மைத் தனியே அழைத்து, அதற்கு எங்கே போகவேண்டும் என்று கேட்டார்.