43 விநாடித் துண்டிப்பு, 24 மணி நேரத் தவிப்பு: நகல் சர்வர்களை எப்படிக் கண்காணிப்பது?

2018 அக்டோபர் 21. உலகெங்கும் உள்ள மென்பொருளாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் நிறுவனம், பழுதான ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தது. அப்போது அமெரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள அதன் முதன்மைத் தரவு மையத்துக்குச் செல்லும் இணைப்பு அறுந்தது. 43 விநாடிகளில் இணைப்பு திரும்பியது. சேவை முழுதாகச் சீராக 24 மணி நேரம் 11 நிமிடம் ஆயிற்று.

இணைப்பு அறுந்திருந்த இடைவெளியில் தானியங்கி மென்பொருள் மேற்குக் கரை சர்வர்களை முதன்மையாக்கிவிட்டது. இரு கரைகளிலும் மற்றதில் இல்லாத பதிவுகள் இருந்தன. தரவு தொலையக் கூடாது என்று முடிவெடுத்த நிறுவனம், பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸ்களை மீட்டது. அதன்பின் நகல்கள் முதன்மையை எட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது.

பின்தங்கல் என்பது என்ன?

முதன்மை சர்வரில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் லாக் கோப்பில் பதிவாகி, ரெப்ளிகா எனப்படும் நகல் சர்வருக்குப் போகிறது. நகல் அதை வாங்கித் தன்னிடம் செய்து முடிக்க ஆகும் தாமதமே ரெப்ளிகேஷன் லேக். கிட்ஹப்பில் சில நகல்கள் மணிக்கணக்கில் பின்தங்கின. பயனர்கள் பழைய தரவைக் கண்டார்கள்.

பின்தங்கல் ஒரே சீராகக் குறையும் என்று கணித்திருந்தார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேலைநேரம் தொடங்கிப் பதிவுகள் குவிந்ததும் மீட்சி மந்தமானது. கணக்கைப் பாருங்கள்: ஒரு நகல் 2 மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் ஒன்றரை மணி நேரப் பதிவுகளை முடித்தால், 4 மணி நேரத்தில் எட்டிவிடும். சுமை கூடி, 1.1 மணி நேரப் பதிவுகளையே முடிக்க முடிந்தால் 20 மணி நேரம் ஆகும்.

எதைப் பார்ப்பது?

ஆகவே லேக் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. பதிவுகள் வரும் வேகம், நகல் அவற்றை முடிக்கும் வேகம், டிஸ்க்கின் காத்திருப்பு நேரம் மூன்றையும் ஒரே வரைபடத்தில் வைத்து, போன வாரம் இதே கிழமை, இதே நேரத்தோடு ஒப்பிட வேண்டும். சராசரியை நம்பக் கூடாது. மிகவும் பின்தங்கிய நகலைத் தனியே பார்க்க வேண்டும்.

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் காட்டும் பின்தங்கல் விநாடியும் ஏமாற்றக்கூடும். நெட்வொர்க் மந்தமாகி லாக் வந்துசேராவிட்டாலும், வந்தவரை முடித்த நகல் பூஜ்யம் என்றே காட்டலாம். முதன்மையில் விநாடிக்கொரு முறை நேரத்தை எழுதி, அது நகலில் எப்போது தெரிகிறது என்று பார்ப்பதே நம்பகமான வழி. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளில், நகலுக்காக லாக்கைத் தேக்கிவைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட் வசதியைப் பயன்படுத்தினால் டிஸ்க்கையும் கவனிக்க வேண்டும்: நகல் நின்றுபோனால், அதற்காகத் தேக்கிவைத்த லாக் முதன்மையின் டிஸ்க்கையே நிரப்பிவிடும்.

கிட்ஹப் கூடுதல் நகல்களைச் சேர்த்து, படிக்கும் சுமையைப் பகிர்ந்த பிறகே நிலைமை தேறியது. ஆனால் பெரிய டேட்டாபேஸுக்குப் புதிய நகலை உருவாக்கவே மணிக்கணக்கில் ஆகும். லேக் எல்லை தாண்டியபின் அடிக்கும் அலாரம் அதற்கு உதவாது. வரைபடம் மெல்ல ஏறத் தொடங்கும்போதே முடிவெடுப்பவர்களுக்குத்தான் அந்த அவகாசம் கிடைக்கும்.