முதலில் நம் பணம், பிறகு அவர்கள் பணம்: நிராமயா காப்பீடு எப்படி இயங்குகிறது?

நிராமயா காப்பீட்டின் ஆண்டு மார்ச் 31-ம் தேதியோடு முடிகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு ஆகியவற்றோடு வளரும் பிள்ளைகளின் பெற்றோர் எழுதும் கடிதங்கள் இந்தச் சமயத்தில் கூடிவிடுகின்றன. பலரும் கேட்பது இதைத்தான்: வீட்டில் மூன்று அட்டைகள் இருக்கின்றன; எது எதற்கு, எதைப் புதுப்பிக்க வேண்டும்? ஒரு லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு என்றார்களே, தெரபி பில்லுக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவாக வந்தது?

அட்டைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். யூ.டி.ஐ.டி என்பது அடையாள அட்டை. பிள்ளைக்கு என்ன குறைபாடு, எத்தனை சதவீதம் என்பதை அரசு ஒப்புக்கொண்டதற்கான சாட்சி அது. அதை வைத்து மற்றதைக் கேட்கலாமே தவிர, அதில் சிகிச்சைக்கான பணம் கிடையாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கானது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பணம் நேராக மருத்துவமனைக்குப் போய்விடும். காது கேளாத சிறு குழந்தைக்கு காக்ளியர் கருவி பொருத்துவது போன்ற பெரிய சிகிச்சைகளில் இந்தத் திட்டம் பல குடும்பங்களைக் கடனில் விழாமல் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது முதன்மையாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. வாரத்துக்கு மூன்று நாள் பேச்சுப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு அந்த அட்டையால் பெரிய பயன் இல்லை.

மூன்றாவதுதான் நிராமயா. 1999-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நேஷனல் டிரஸ்ட் என்ற ஒன்றிய அரசு அமைப்பு நடத்துவது. ‘மாற்றுத்திறனாளிகளுக்கான காப்பீடு’ என்று விளம்பரங்களில் இருந்தாலும் அந்த விளக்கம் சரியில்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நிராமயா அவற்றில் நான்குக்கு மட்டும்தான்: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் சேர்ந்த பல்வகைக் குறைபாடு. காது மட்டும் கேளாத குழந்தைக்கோ, கற்றல் குறைபாடு மட்டும் உள்ள குழந்தைக்கோ இதில் இடமில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு, சான்றிதழில் அறிவுசார் குறைபாடு என்று எழுதியிருந்தால் வழி திறக்கும். ஆகவே நோயின் பெயரைப் பார்க்காதீர்கள், சான்றிதழில் உள்ள வார்த்தையைப் பாருங்கள்.

இந்தத் திட்டத்தில் நான் மனதாரப் பாராட்டும் ஒன்று உண்டு. எந்தத் தனியார் காப்பீட்டு நிறுவனமும் முதலில் கேட்பது, “ஏற்கெனவே என்ன நோய் இருக்கிறது?” என்றுதான். இருக்கிறது என்றால் சில ஆண்டுகள் காத்திருக்கச் சொல்வார்கள், பிரீமியத்தைக் கூட்டுவார்கள், அல்லது வேண்டாம் என்று திருப்பி அனுப்புவார்கள். வெளியே தெரியும் பிறவிக் குறைபாடுகளுக்குப் பணம் கிடையாது என்று பல பாலிசிகளில் எழுதியே இருக்கிறது. புறநோயாளிச் செலவும் பெரும்பாலானவற்றில் கிடையாது. ஆனால் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குத் தேவைப்படுவது எல்லாம் அந்த விலக்குகளுக்குள்தான் இருக்கிறது: பெரும்பாலும் பிறவியிலேயே வந்த நிலை, புறநோயாளியாகவே பெறும் சிகிச்சை. நிராமயா இந்தக் கணக்கை அப்படியே தலைகீழாக்கியது. சேரும் முன் மருத்துவப் பரிசோதனை இல்லை. எந்தக் குறைபாடு காரணமாக மற்றவர்கள் கதவைச் சாத்துகிறார்களோ, அதுவே இங்கே உள்ளே வரத் தகுதி. வயது வரம்பு கிடையாது. நான்கு வயதுக் குழந்தைக்கும் நாற்பது வயது மகனுக்கும், லேசான பாதிப்புக்கும் கடுமையான பாதிப்புக்கும் ஒரே கட்டணம். சேரும்போது 500 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துக்கு 250 ரூபாய். பெற்றோர் இல்லாமல் வேறொருவர் சட்டப்படியான பாதுகாவலராக இருந்தால் கட்டணமே இல்லை. சந்தையால் செய்ய முடியாததை இங்கே ஒரு சட்டம் செய்திருக்கிறது.

என்னை உறுத்துவது அடுத்த கட்டம். பணத்தை நாம்தான் முதலில் கட்ட வேண்டும். பில், ரசீது, மருத்துவரின் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிய பிறகு, சரிபார்த்து வங்கிக் கணக்கில் போடுவார்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை இருக்கிறது. அதையும் மறைக்கக் கூடாது. குறிப்பிட்ட மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை. தஞ்சாவூரில் இருப்பவர் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள தெரபி மையத்துக்கே போகலாம். ஆனால் முதலில் பணம் கட்டுவது யாருக்குச் சாத்தியம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தெரபி ஒரு அமர்வுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு மூன்று, மாதத்துக்கு நான்கு வாரம் என்று கொண்டால் மாதம் 6,000 ரூபாய், ஆண்டுக்கு 72,000 ரூபாய். மாதாமாதம் 6,000 ரூபாயை முன்னதாக எடுத்துவைத்து, திரும்பி வரும்வரை காத்திருக்கக்கூடிய குடும்பம் எது? கட்டணத்தில் பாதிச் சலுகை வாங்கிய அந்தக் குடும்பம் அல்ல. அவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் போவார்கள். அங்கே பயிற்சி இலவசம். இலவசம் என்பதால் பில் இல்லை. பில் இல்லாததால் கிளெய்ம் இல்லை. சேரும் இடத்தில் ஏழைக்குக் காட்டிய கருணை, பணம் கேட்கும் இடத்தில் காணாமல் போகிறது. தனியார் மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவருக்குத்தான் காப்பீட்டுப் பணம் திரும்பி வருகிறது. திட்டத்தை வகுத்தவர்களின் நோக்கம் இதுவல்ல என்று நம்புகிறேன். நடைமுறை இப்படித்தான் இழுத்துச் செல்கிறது.

‘ஒரு லட்சம்’ என்ற சொல்லையும் கவனமாகப் படிக்க வேண்டும். அது எல்லாத் தலைப்புகளையும் கூட்டிய உச்சவரம்பு. மருத்துவமனையில் சேர்தல், அறுவைச் சிகிச்சை, புறநோயாளிச் சிகிச்சை, பல் மருத்துவம், தெரபி, மாற்று மருத்துவம், போக்குவரத்து என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். பெரும்பங்கு மருத்துவமனைச் சேர்க்கைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் போய்விடுகிறது. தெரபிக்கு ஒதுக்கியிருப்பது சிறு பங்கு. ஒரு தலைப்பில் மிச்சமாவதை இன்னொரு தலைப்புக்கு மாற்ற முடியாது. கடிதம் எழுதியவர்களின் மூன்றாவது கேள்விக்கு விடை இதுதான். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படுவது அபூர்வம். தெரபி ஆண்டு முழுக்கத் தேவை. பணம் வைத்திருக்கும் இடமும் தேவை இருக்கும் இடமும் வேறு வேறாக இருக்கும்போது, விளம்பரத்தில் ஒரு லட்சம் என்று மட்டும் போடுவது பெற்றோருக்குத் தவறான நம்பிக்கையைத் தருகிறது.

இதைச் சரிசெய்வது முடியாத காரியம் அல்ல. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மருத்துவமனைக்கு நேராகப் பணம் போவதுபோல, பதிவுபெற்ற தெரபி மையங்களுக்கு அமர்வு வாரியாகப் பணம் போகும்படி செய்யலாம். வேண்டுமானால் குடும்பத்தின் விருப்பத்துக்கு இரண்டு வழியையும் திறந்துவைக்கலாம்.

அதுவரை, காகிதம்தான் நம் கையில் இருக்கும் ஆயுதம். சிறிய தெரபி மையங்கள் மாதக் கட்டணம் என்று மொத்தமாக ஒரு துண்டுச் சீட்டு தருவது வழக்கம். கிளெய்மைச் சரிபார்ப்பவர் அதை ஏற்கத் தயங்குவார். தேதிவாரியாக அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் கட்டணம், சிகிச்சையாளரின் பெயர், கையெழுத்து, பதிவு எண், மையத்தின் முத்திரை ஆகிய எல்லாம் உள்ள ரசீதை முதல் மாதத்திலிருந்தே கேட்டு வாங்குங்கள். ‘பேச்சுப் பயிற்சி, வாரத்துக்கு இத்தனை முறை’ என்று மருத்துவர் எழுதிய சீட்டு, தெரபி தொடங்கிய தேதிக்கு முந்தையதாக இருக்க வேண்டும். பிள்ளையின் பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி, தலைப்பெழுத்து உட்பட, இருக்கட்டும். அசலை அனுப்பும் முன் நகல் எடுத்துவையுங்கள். பில்களை ஆண்டு முடியும்வரை சேர்த்துவைக்காமல் அவ்வப்போது அனுப்பிவிடுங்கள். தாமதத்தைக் காரணம் காட்டி மறுக்க இடம் கொடுக்காதீர்கள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

நடு ஆண்டில் சேர்ந்தால்? எப்போது சேர்ந்தாலும் காப்பு மார்ச் 31 வரைதான். ஆகவே ஏப்ரலில் சேர்வதே லாபம். மார்ச்சில் புதிதாகச் சேர்வோர், பணம் கட்டும் முன் அது எந்த ஆண்டுக்கான கணக்கு என்று கேட்டுவிடுங்கள்.

எங்கே விண்ணப்பிப்பது? நேஷனல் டிரஸ்டில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் வழியாக. உங்கள் பகுதியில் எது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

முதலமைச்சர் காப்பீடும் நிராமயாவும் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளலாம்; ஒரே பில்லுக்கு இரண்டிலும் பணம் கேட்கக் கூடாது.

சான்றிதழ் காலாவதியாகுமா? ஆகும். ஐந்து வயதுக்குள் தருவது பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான். அதிலுள்ள தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

யூ.டி.ஐ.டிக்கு விண்ணப்பித்து மாதக்கணக்கில் பதில் இல்லையே? 2024 அக்டோபரில் திருத்திய விதிகள், சான்றிதழ் தரும் கால அவகாசத்தை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீட்டிவிட்டன. இரண்டு ஆண்டுகள் முடிவெடுக்காமல் கிடந்தால் விண்ணப்பமே செயலிழந்துவிடும் என்றும் சொல்கின்றன. தாமதம் அவர்களுடையது, தண்டனை குடும்பத்துக்கு. எழுத்தில் நினைவூட்டி, ஒப்புகை வாங்கி வையுங்கள்.

பிள்ளைக்கு 18 வயது ஆகிறது? பெற்றோரின் இயல்பான பாதுகாவலர் உரிமை அத்தோடு முடிகிறது. நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் சான்று கேட்க வேண்டும்.

வருமான வரியில்? பழைய வரி முறையில் 80டிடி பிரிவின்படி 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்றால் 1,25,000 ரூபாய்.

இலவச மையத்துக்குத்தான் போகிறோம், கிளெய்ம் செய்யப்போவதில்லை, புதுப்பிக்க வேண்டுமா? புதுப்பியுங்கள். வலிப்பு அதிகமாகி நள்ளிரவில் பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், மருத்துவமனைச் சேர்க்கைக்கான அந்தப் பெரும்பங்கு அன்றைக்கு உங்களுக்குப் பயன்படும். புதுப்பிக்கும் கட்டணம் 250 ரூபாய்; வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 50 ரூபாய். கடைசி நாள்வரை காத்திருக்காமல் இந்த வாரமே கட்டிவிடுங்கள்.