ரூ.43 லட்சம்: அப்பா கொடுத்தார்; மகள் வேண்டாம் என்றாள்!

பிள்ளைகளின் காலேஜ் செலவு பெற்றவர்கள் தலையில்தானா? டெல்லி சுப்ரீம் கோர்ட்டு வரை போய்விட்டது ஒரு குடும்பத்தின் வழக்கு.

கணவனும் மனைவியும் 26 ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்ந்தவர்கள். மகள் அயர்லாந்தில் படித்து வந்தாள். படிப்புக்கென்று அப்பா ரூ.43 லட்சம் கொடுத்தார். ரோஷக்காரப் பெண்! திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். அப்பா வாங்க மறுத்துவிட்டார்.

நீதிபதிகள் சூர்யகாந்த், உஜ்ஜல் புயான் 2025 ஜனவரி 2-ந்தேதி உத்தரவு போட்டனர். படிப்புச் செலவைக் கேட்பது மகளின் உரிமை, பெற்றோர் வசதிக்குத் தக்கபடி கொடுத்தாக வேண்டும், பணம் அவளுக்கே என்றனர்.

சரி, மகனுக்கு? 1956-ம் ஆண்டு இந்து ஜீவனாம்சச் சட்டப்படி மைனராக இருக்கும்வரைதான். காலேஜில் கால் வைத்ததுமே 18 ஆகிவிடுகிறதே! அதுக்காக, "பீஸை நீயே கட்டிக்கடா" என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு வீட்டில் சோறு கிடைக்குமா?