ஆப்பிள் எதன் இடத்தில்?

ஆங்கில எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கும் முதல் நாளிலேயே நம் வகுப்பறைக்குள் ஆப்பிள் வந்துவிடுகிறது. பல குழந்தைகள் அதைச் சுவைத்துப் பார்ப்பதற்கு முன்பே படத்தில் பார்த்துப் பழகிவிடுகிறார்கள். பெரியவர்களுக்கும் அந்தப் பழத்தின்மீது தனி மரியாதை உண்டு. மருத்துவமனையில் இருப்பவரைப் பார்க்கப் போனால் கையில் ஆப்பிள் பை இருக்க வேண்டும். உடல் எடையைக் குறைப்பது என்று முடிவெடுத்தால், மறுநாள் முதல் வேலையாக ஆப்பிள் வாங்குகிறோம்.

இந்த மரியாதைக்கு ஆப்பிள் எவ்வளவு தகுதியானது? எடை குறைய அது உதவுமா? எப்படி வாங்குவது, எப்படிச் சாப்பிடுவது? ஆசிரியர்களாகிய நம் உடல்நலத்துக்காகவும், நம் சொல்லை அப்படியே வீட்டுக்கு எடுத்துச் செல்லும் மாணவர்களுக்காகவும் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பழத்துக்குள் என்ன இருக்கிறது?

நடுத்தர அளவுள்ள ஓர் ஆப்பிள் ஏறத்தாழ 180 கிராம் இருக்கும். அதில் 85 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் சுமார் 95 கலோரி. இயற்கைச் சர்க்கரை 19 கிராம். நார்ச்சத்து 4 கிராமுக்குச் சற்று அதிகம். கொழுப்பும் புரதமும் மிகக் குறைவு. வைட்டமின் சி கூட 100 கிராமுக்கு 5 மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது.

ஆக, ஆப்பிள் சத்துகளின் சுரங்கம் அன்று. அதன் பலம் வேறிடத்தில் இருக்கிறது. நிறைய நீரும் நார்ச்சத்தும் சேர்ந்திருப்பதால், குறைந்த கலோரியில் வயிற்றை நிரப்புகிறது. அதிலுள்ள பெக்டின் என்னும் கரையும் நார்ச்சத்து, வயிற்றில் கூழ்போல மாறி, சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கிறது. அதனால் சாப்பிட்ட நிறைவு சிறிது நேரம் நீடிக்கிறது.

கடிப்பதும் குடிப்பதும் ஒன்றல்ல

1977இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரே அளவு சர்க்கரை கிடைக்கும்படி முழு ஆப்பிள், ஆப்பிள் கூழ், ஆப்பிள் சாறு ஆகிய மூன்றையும் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முழுப் பழத்தைவிடச் சாற்றை 11 மடங்கு வேகமாக உட்கொள்ள முடிந்தது. பசி அடங்கிய உணர்வு முழுப் பழத்துக்கு அதிகம், கூழுக்குக் குறைவு, சாற்றுக்கு மிகக் குறைவு. சாறு குடித்தபோது இன்சுலினும் கூடுதலாக உயர்ந்தது.

2009இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மதிய உணவுக்குச் சற்று முன்பு ஆப்பிள் கொடுத்துச் சோதித்தனர். ஒன்றும் சாப்பிடாமல் உணவுக்கு அமர்ந்த நாளோடு ஒப்பிட்டால், ஆப்பிள் சாப்பிட்ட நாளில் அவர்கள் எடுத்துக்கொண்ட மொத்தக் கலோரி 15 விழுக்காடு குறைந்தது. ஆப்பிளின் கலோரியையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு கிடைத்த அளவு அது. சாற்றில் நார்ச்சத்தைத் தனியாகக் கலந்து கொடுத்தபோதும் முழுப் பழம் தந்த நிறைவு வரவில்லை. மெல்லுவதற்கும் அதற்கு ஆகும் நேரத்துக்கும்கூடப் பசியை அடக்குவதில் பங்கு இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் சர்க்கரையைப் பிரித்துப் பார்க்கும் முறையும் இதையே சொல்கிறது. நாம் குறைக்க வேண்டிய சர்க்கரைப் பட்டியலில் பழச்சாற்றில் உள்ள சர்க்கரை இடம்பெறுகிறது. முழுப் பழத்தில் உள்ள சர்க்கரை அந்தப் பட்டியலில் இல்லை.

எதன் இடத்தில் சாப்பிடுகிறோம்?

எடை குறையுமா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. கொழுப்பைக் கரைக்கும் மந்திரம் எதுவும் ஆப்பிளில் இல்லை. வழக்கமான உணவோடு கூடுதலாக ஓர் ஆப்பிள் சாப்பிட்டால், 95 கலோரி கூடுதலாகச் சேரும், அவ்வளவுதான். வேறொன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆப்பிளை வைக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது.

நம் வேலை நாளையே எடுத்துக்கொள்வோம். காலையில் கிளம்பும் அவசரம், இடைவேளையில் தேநீர், மாலையில் வடையோ பஜ்ஜியோ, வீட்டுக்குப் போனதும் மீண்டும் தேநீர். ஒரு நாளைக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால், தேக்கரண்டிக்கு 5 கிராம் வீதம் 40 கிராம் சர்க்கரை ஆகிறது. ஏறத்தாழ 160 கலோரி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைத் தேநீர் ஒன்றே தாண்டிவிடுகிறது. எண்ணெயில் பொரித்த பலகாரம் இதற்கு மேல். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி.

மாலைப் பலகாரத்தின் இடத்தில் ஒரு பழம். நான்கு தேநீரில் இரண்டு சர்க்கரை இல்லாமல். இந்த மாற்றத்தைப் பல மாதங்கள் தொடர்ந்தால் பலன் தெரியும். நடைப்பயிற்சியும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

'ஐந்து நாள் ஆப்பிள் மட்டும்' என்ற உணவு முறை அவ்வப்போது கைப்பேசியில் வலம் வருகிறது. ஒரு நாளைக்கு ஆறு ஆப்பிள் சாப்பிட்டாலும் கிடைக்கும் புரதம் 3 கிராம் அளவில்தான் இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதம் தேவை. அப்படிப் பட்டினி கிடந்து குறையும் எடையில் பெரும் பகுதி உடலின் நீரும் தசையும்தான். பழைய உணவுக்குத் திரும்பியதும் எடையும் திரும்பிவிடும்.

பழமொழியும் வினிகரும்

தினம் ஓர் ஆப்பிள் சாப்பிட்டால் மருத்துவரிடம் போக வேண்டியதில்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. அதன் பழைய வடிவம் 1866இல், வேல்ஸ் நாட்டின் பெம்புரோக்‌ஷயர் பகுதி வழக்காக அச்சில் வந்தது. படுக்கப் போகும்போது ஆப்பிள் சாப்பிடச் சொன்னது அந்தப் பழைய வடிவம். இரவில் ஆப்பிள் சாப்பிட்டால் விஷம் என்று இன்று பரவும் செய்திக்கு நேர் எதிரானது! அந்தச் செய்திக்கும் அறிவியல் ஆதாரம் இல்லை. ஆப்பிள் சாப்பிட்டால் வயிறு உப்புசம் காண்பவர்கள் மட்டும் இரவில் தவிர்க்கலாம்.

பழமொழியையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 8,399 பேரின் விவரங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2015இல் வெளியானது. வயது, கல்வி, உடல்நிலை போன்ற வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு, தினமும் ஆப்பிள் சாப்பிட்டவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆப்பிள் சீடர் வினிகரின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. அதைக் குடித்த இளைஞர்களுக்கு எடை கணிசமாகக் குறைந்தது என்று லெபனான் நாட்டு ஆய்வு ஒன்று 2024 மார்ச்சில் வெளியாகி, உலகெங்கும் செய்தியானது. அதன் புள்ளிவிவரங்களை மற்றவர்கள் சரிபார்த்தபோது முடிவுகள் பொருந்தவில்லை. 2025 செப்டம்பரில் வெளியீட்டாளர்களே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். முதல் செய்தி சென்ற தூரத்துக்கு இரண்டாவது செய்தி செல்லவில்லை. உயர்நிலை வகுப்புகளில் அறிவியல் மனப்பான்மை பற்றிப் பேசும்போது சொல்லத் தக்க எடுத்துக்காட்டு இது.

வாங்கும்போது கவனிக்க

காஷ்மீர், இமாச்சலப் பிரதேச ஆப்பிள்களின் முக்கிய அறுவடை ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை. அந்த மாதங்களில் நம் சந்தைக்கு வரும் பழம் புதியதாகவும் விலை சற்று மலிவாகவும் இருக்கும். மற்ற மாதங்களில் கிடைப்பவை பெரும்பாலும் குளிர்பதனக் கிடங்கில் இருந்தவை, அல்லது வெளிநாட்டிலிருந்து வந்தவை.

• கையில் எடுத்தால் அளவுக்கு ஏற்ற கனமும் இறுக்கமும் இருக்க வேண்டும். தோல் சுருங்கியிருந்தாலோ, அழுத்தினால் அமுங்கினாலோ உள்ளே மாவுபோல இருக்கும்.

• நிறத்தைப் பார்த்துச் சத்தை முடிவு செய்ய வேண்டாம். சிவப்பு, பச்சை, மஞ்சள் என எந்த வகையிலும் கலோரி ஏறத்தாழ ஒன்றே. பச்சை ஆப்பிள் புளிப்பாக இருப்பதால் எடையைக் குறைக்கும் என்பதில்லை.

• பழத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் தரச் சான்று அன்று. அதிலுள்ள நான்கு இலக்க எண், கடையில் விலை போடுவதற்காகப் பழத்தின் வகையையும் அளவையும் குறிப்பது. ஸ்டிக்கரையும் அதன் பசையையும் நீக்கிவிட்டுச் சாப்பிட வேண்டும்.

• பெரிய பழங்களைவிடச் சிறிய பழங்கள் நல்லது. ஒருவர் ஒரு வேளைக்கு ஒன்று என்று கணக்கு வைக்கலாம். விலையும் குறைவாக இருக்கும்.

ஆப்பிளின் மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. நீண்ட நாள் கெடாமல் இருக்க, அனுமதிக்கப்பட்ட மெழுகை மேலே பூசுவதும் உண்டு. மெழுகுக்குப் பயந்து தோலைச் சீவினால் இழப்பு நமக்குத்தான். 100 கிராம் ஆப்பிளில் தோலோடு 2.4 கிராம் இருக்கும் நார்ச்சத்து, தோல் நீக்கினால் 1.3 கிராமாகிவிடும். ஓடும் நீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, சுத்தமான துணியால் துடைத்துத் தோலோடு சாப்பிடுங்கள். சோப்பு வேண்டாம். விதைகளை மெல்லாமல் நீக்கிவிடுங்கள். சிறு குழந்தைகளுக்கு மெல்லிய துண்டுகளாக நறுக்கிக் கொடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சிறிய பழமாக எடுத்துக்கொண்டு, எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நம் ஊர்க் கொய்யா

நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, கீரையும் 100 கிராம் பழமும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி. அந்த 100 கிராம் ஆப்பிளாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை.

கொய்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல். ஆப்பிளைப்போல 40 மடங்கு. நார்ச்சத்து சுமார் 5 கிராம்; ஆப்பிளைப்போல இரு மடங்கு. கலோரி 68 அளவில்தான். தோலோடு கடித்துத் தின்னும் பழம். நம் ஊர்ச் சந்தையில் ஆப்பிளைவிட மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. எடை குறைக்க ஆப்பிள் செய்யும் வேலையைக் கொய்யாவும் செய்யும்.

வகுப்பறையில் நாம் பேசும் சொல் இங்கே முக்கியமாகிறது. 'ஆப்பிள் சாப்பிட்டால்தான் உடம்புக்கு நல்லது' என்று சொல்லும்போது, ஆப்பிள் வாங்க வசதியில்லாத வீட்டுக் குழந்தை வேறொரு பாடத்தையும் கற்றுக்கொள்கிறது: உடல்நலம் பணம் இருப்பவர்களுக்கு உரியது. 'ஏதாவது ஒரு பழம், தினமும்' என்று சொன்னால், கொய்யாவும் நெல்லிக்காயும் நாவலும் பப்பாளியும் தெரிந்த குழந்தை நிமிர்ந்து உட்காரும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

ஓர் ஆப்பிளை மூன்று துண்டுகளாக்குங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். ஒன்றை உப்பு நீரில் போடுங்கள். அரை மணி நேரத்தில் முதல் துண்டு பழுப்பாகும். வெட்டுப்பட்ட திசுக்களிலுள்ள நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து செய்யும் வேலை அது. புளிப்பும் உப்பும் அந்த நொதியைத் தடுக்கின்றன. ஆப்பிள் இல்லையா? கத்தரிக்காயோ வாழைக்காயோ போதும். வாழைப்பூவை நறுக்கி ஏன் மோரில் போடுகிறார்கள் என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். பதில் அடுத்த நாள் வகுப்புக்கு வந்துவிடும்.

முழு ஆப்பிளை வாளித் தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதன் கன அளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காற்று. அடர்த்தி பற்றிய பாடத்துக்கு இதைவிடச் சுவையான கருவி கிடைக்காது. பாடம் முடிந்ததும் எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. எடைக் குறைப்பு என்பது பெரியவர்களின் பேச்சு. வளரும் பிள்ளைகளைப் பட்டினி போடும் எந்த உணவு முறையும் அவர்களுக்கு ஆகாது. பருமனாக இருக்கும் மாணவரின் உணவைப் பற்றி மற்றவர்கள் முன்னிலையில் ஒரு சொல்கூடச் சொல்லாமல் இருப்பதும் ஆசிரியரின் கடமை. கவலைப்பட வேண்டிய நிலை என்று தோன்றினால், பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவினரின் கவனத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.