பழைய வெஸ்பா வாங்கப் போகிறீர்களா?

தோட்டத்து நண்பர்களே, சங்கக் கூட்டம் முடிந்ததும் நம்மிடம் கேட்கப்படுவது சம்பளம், வீடு பற்றி மட்டுமல்ல. "அண்ணே, பழைய வெஸ்பா ஒண்ணு வெலைக்கு வருது, வாங்கலாமா?" என்று போன மாதம் ஒரு தோழர் கேட்டார். செம்பனைக் குலை வெட்டுகிறவர். விலை 4,500 வெள்ளியாம். 2025 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளிதான். இரண்டரை மாத உழைப்புக்கும் மேலே போகிறது கணக்கு.

வேலைக்குப் போய்வர மட்டும் என்றால் கப்சாய் வாங்குங்கள், பெட்ரோலும் கம்மி, சாமானும் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்றோம். அவர் மசியவில்லை. அந்தக் காலத்துத் தோட்டத்தில் வெஸ்பா என்றால் கிராணியார் வண்டி, வாத்தியார் வண்டி. இவருடைய அப்பாவோ பால்வாளியைச் சைக்கிளில் கட்டி மிதித்தவர். "அப்பாவ அதுல ஒக்கார வச்சி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்ணே" என்றார். இதற்குமேல் நாம் என்ன பேச முடியும்? கூடவே போனோம்.

வண்டி பி.எக்ஸ். 150 இ. 1981-இல் வெளிவந்த வகை. 1946-இல் முதல் வெஸ்பாவைச் செய்த இத்தாலியப் பியாஜியோ கம்பெனியின் தயாரிப்புதான். மற்ற மோட்டார்களைப் போல இதற்குள் தனியாக இரும்புக் குழாய்ச் சட்டம் கிடையாது. தகட்டு உடம்புதான் வண்டியின் முதுகெலும்பு. அதனால் சாயத்தின் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். குனிந்து, கால் வைக்கும் தட்டின் அடியைப் பாருங்கள். ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, புட்டி பூசி மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எஞ்சின் கோளாறைச் சரிசெய்துவிடலாம். அடித்தகடு உளுத்துப்போன வெஸ்பா, காசைத் தின்னும் பூதம்.

நாம் பார்த்த வண்டியில் தகடு நன்றாக இருந்தது. டயரில்தான் வெடிப்பு. ரப்பரோடு வாழ்ந்தவர்களுக்கு ரப்பர் வெடிப்பைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. எஞ்சினைத் தொட்டுப் பார்த்தோம், குளிர்ந்திருந்தது. நல்லது. நீங்கள் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் கிளம்பாத வண்டியோ என்று சந்தேகப்படுங்கள். இது மூன்றாவது உதையிலேயே பிடித்துக்கொண்டது.

ஓட்டிப் பார்த்தோம். இரண்டு கட்டை தூரம் போனதும் இருமியது, நின்றுவிட்டது. பத்து நிமிடம் கழித்து உதைத்தால் கிளம்புகிறது. கொஞ்ச தூரத்தில் மறுபடியும் நிற்கிறது. பக்கத்திலேயே ஒரு பட்டறை. போர்மேன் எட்டிப் பார்த்தார், பிளக்கைக்கூடக் கழற்றவில்லை. "எஞ்சின் முடிஞ்சி போச்சு. தெறந்து ஓவராயில் பண்ணணும், 1,200 வெள்ளி ஆவும்" என்றார். தோழர் முகம் வாடிவிட்டது.

நாம் வலதுபக்க மூடியைக் கழற்றி, பிளக்கை வெளியே எடுத்தோம். நண்பர்களே, இதை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். பிளக் முனை காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. கறுப்பாக எண்ணெய் கோத்து நனைந்திருந்தால், பெரும்பாலும் பெட்ரோலில் எண்ணெய் அதிகம். இந்த வண்டிக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி எண்ணெய் போதும். கண் அளவில் ஊற்றக் கூடாது. (எண்ணெய்க்குத் தனித் தொட்டி உள்ள பி.எக்ஸ். வண்டிகளும் உண்டு. அவற்றில் பெட்ரோலில் கலக்க வேண்டியதில்லை.) நாம் கழற்றிய பிளக்கோ காய்ந்து கிடந்தது. பெட்ரோல் வந்து சேரவில்லை என்று தெரிந்துவிட்டது.

டாங்கியில் பெட்ரோல் பாதிக்குமேல் இருந்தது. குழாயும் திறந்துதான் இருந்தது. டாங்கி மூடியைத் திறந்தோம். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம். பிளக்கை மாட்டி, பெட்ரோல் இறங்கக் கொஞ்சம் பொறுத்து உதைத்தால், உடனே பிடித்துக்கொண்டது!

ஆட்டக்காப்பிக் கடையில் பால்டின்னுக்கு ஏன் இரண்டு ஓட்டை குத்துகிறார்கள்? ஒன்றில் பால் வரும், மற்றதில் காற்றுப் போகும். வெஸ்பாவும் அப்படித்தான். பெட்ரோலைத் தள்ள பம்பு கிடையாது, தானாக இறங்க வேண்டும். அதற்காக மூடியில் ஒரு சின்னக் காற்றுத் துவாரம் உண்டு. யாரோ புதிதாகப் போட்ட ரப்பர் கேஸ்கட் அதை அடைத்திருந்தது. கேஸ்கட்டை உருவியெடுத்து, டாங்கியை விட்டுத் தூரமாக வைத்து, துவாரத்துக்கு நேரே ஊசியால் ஓட்டை போட்டோம். செலவு ஒரு காசும் இல்லை. மூடியை இறுக்கிப் பத்து கிலோமீட்டர் ஓட்டினோம், ஒரு இருமல்கூட இல்லை. விற்கிறவரிடமும் விஷயத்தைச் சொன்னோம். அவரும் நம்மைப் போலச் சம்பளக்காரர்தான். டயருக்காக 300 வெள்ளி குறைக்கச் சம்மதித்தார்.

பெரிய சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் கிராண்டோடு ஒத்துப் போயின. ஆனால் கிராண்ட் விற்கிறவரின் அண்ணன் பெயரில் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார். "பேரு மாத்துறத அப்புறம் பாத்துக்கலாம், வண்டிய எடுத்துட்டுப் போங்க" என்றார் மனிதர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் நாம் ஒப்பவில்லை. பெயர் மாறாதவரை 4,200 வெள்ளி கொடுத்தாலும் வண்டி உங்களுடையது ஆகாது. இறந்தவர் பெயரில் உள்ள வண்டி என்றால், வாரிசுகள் முதலில் அமானா ராயா போன்ற இடத்தில் அதிகாரக் கடிதம் பெற வேண்டும். அதற்குப் பிறகுதான் ஜே.பி.ஜே.-யில் பெயர் மாற்றம். 150 சிசி வரை ரோட் டேக்ஸ் வருடத்துக்கு 2 வெள்ளிதான். இன்சூரன்ஸைத்தான் முதலிலேயே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

200 வெள்ளி மட்டும் முன்பணமாகக் கொடுத்தோம். கடிதம் கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக ஒரு தாளில் எழுதி, இருவரின் அடையாளக் கார்டு எண்ணும் போட்டு, கையெழுத்து வாங்கினோம். வண்டி இன்னும் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் தோழர் போய் ஒரு உதை உதைத்துச் சத்தம் கேட்டுவிட்டு வருகிறார்.